கிரேஸை மேடைக்கு அழைத்தார்கள்

வெளியாட்களில் கிரேஸைக் கூப்பிட்டவர்கள் உண்டு, அழைத்தவர்கள் கிடையாது. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவள் பிறந்த காலனியில் இரண்டும் வேறு வேறு. நடவு நேரத்தில் ஊர்த்தெருவிலிருந்து ஓர் ஆள் வந்து, காலனி முனையில் நின்றபடியே, “நாளைக்கு நடவுக்கு வந்துடுங்க” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவான். அது கூப்பிடுவது. தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து, வாசல்படி ஏறி, “குடும்பத்தோட வந்துடணும்” என்று சொல்வது அழைப்பது. ஊர்க்காரர்களின் அழைப்பு ஊர்த்தெருவுக்குள்ளேயே முடிந்துவிடும். பந்தி முடிந்தபின் அண்டா தேய்க்க மட்டும் காலனிக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

எட்வர்டைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது வயல் வேலையே விட்டுப்போயிருந்தது. எட்வர்ட் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் காண்டிராக்ட் ஆள். பழைய இரும்பை உலைக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் அடியில் சிந்திக் கிடப்பதை வாருவது அவன் வேலை. வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் தரையெல்லாம் துருப்பொடி உதிரும். மகள் ஜெபா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அவன் அவளைத் துரத்திக்கொண்டு போய் அந்தச் சட்டையை அவள் தலையில் போடுவான்.

போன மழைக்காலத்தில், பகல் ஷிப்டில், பெல்ட் அவன் கையைப் பிடித்து இழுத்தது. கையோடு விடவில்லை. ஆஸ்பத்திரியில் துணியைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கிரேஸ் பிரிக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, எட்வர்டோடு ஒரே ஷிப்டில் இருந்த ஆதிகேசவன் பின்னாலேயே வந்தான்.

“அக்கா, உருளைக்கு மேல கம்பி மூடி ஒண்ணு இருக்கும். அத்த கழட்டி எத்தினியோ நாளாவுது. கழட்டி மாட்டறதுல வேல நின்னுபோவுதுன்னு சூப்பர்வைசர்தான் எடுக்கச் சொன்னாரு. பெல்ட்ட நிறுத்தாமலே வாரச் சொல்லுவாங்க. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லக்கா.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிரேஸ் நாட்களைத் தள்ளினாள்.

வெயில் தொடங்கிய சமயம், ஆலையின் அதிகாரி வெங்கடேசன் வீடு தேடி வந்தார். கையில் பழத்தட்டு. தட்டின்மேல் பளபளவென்று ஓர் அழைப்பிதழ்.

“பாதுகாப்பு தின விழாம்மா. நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும். எட்வர்ட் நம்ம குடும்பத்து ஆளு இல்லையா?”

வாசல்படி ஏறி வந்து ஒருவர் அழைத்துவிட்டார். கிரேஸுக்கு அழுகை வந்தது. கணவனுக்கு இத்தனை மரியாதை வைத்திருந்தார்களா என்று நினைத்துக்கொண்டாள். விழாவன்று காலையில் ஜெபா அம்மாவின் ஒரே பட்டுப்புடவையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

ஷாமியானா நிறைய நீலச் சட்டைத் தொழிலாளர்கள். கிரேஸ் விளக்கேற்றினாள். சால்வை போர்த்தினார்கள். “தொழிலாளர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஜாக்கிரதையா வேல செய்யணும்னு சொன்னா போதும்” என்று வெங்கடேசன் மைக்கை நீட்டினார். அதற்குள் கீழே உட்கார்ந்திருந்த ஜெபா எழுந்து மேடையோரம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“இன்னாடி?”

“அம்மா, உனக்குப் பின்னாடி பேனர்ல அப்பா போட்டோ போட்டுக்கீறாங்க. அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல எழுதிக்கீது. கேர்லெஸ்னெஸ் இன்வைட்ஸ் ஆக்சிடெண்ட்டுன்னு.”

“இன்வைட்டுன்னா அழைக்கிறதுதான? நம்மளக் கூட இன்வைட் பண்ணாங்களே.”

“அதே வார்த்ததாம்மா. வாங்கன்னு கூப்புட்டாலும் அதான், தானா தேடி வரவழைச்சுக்கினாலும் அதான். அசால்ட்டா இருந்து அப்பாவே சாவ இழுத்துக்கினாருன்னு போட்டுக்கீறாங்க.”

கிரேஸ் திரும்பிப் பார்த்தாள். எட்வர்ட் சிரித்துக்கொண்டிருந்தான். ஆலை அடையாள அட்டைக்கு எடுத்த படம், அதிலும் சிரிப்புதான். அவள் மைக்கை வாங்கினாள்.

“என் ஊட்டுக்காரரு எதையும் அழைக்கல. நீங்க கூப்ட்டீங்க, வந்தாரு. ஓடற பெல்ட்டுக்குக் கீழ வாருன்னீங்க, வாருனாரு. மூடியக் கழட்டனது ஆரு? வெத்தல பாக்கு வச்சு எமன ஆலைக்குள்ள அழைச்சுக்கினு வந்தது ஆரு?”

மைக் செத்துப்போனது. குரல் இல்லாமலும் அவள் பேசினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் கேட்டார்கள்; கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெங்கடேசன் அவள் தோளில் கை வைக்காமலே அவளைப் படியிறக்கினார். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டுத் தாயும் மகளும் வெளியே நடந்தார்கள்.

ஆலைமேல் வழக்குப் போட்டாள். ஆலை கேண்டீனில் அவளுக்குத் தருவதாக வெங்கடேசன் சொல்லியிருந்த வேலை வரவில்லை. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஜெபா பாதியில் நின்று, ஓர் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். ஆதிகேசவனுக்கு மட்டும் அந்த ஆலையிலேயே நிரந்தர வேலை கிடைத்தது.

திருவள்ளூர் கோர்ட்டில் அவன் சாட்சி சொன்ன நாளில்தான் அது ஏன் என்று கிரேஸுக்கு விளங்கியது. மூடி இருந்ததாகச் சொன்னான். எட்வர்ட்தான் அதை அவசரத்துக்குக் கழற்றினான் என்றும் சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் தனியாக நின்றிருந்தான். ஜெபா பல்லைக் கடித்துக்கொண்டு அவனை நோக்கிப் போனாள். கிரேஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே அவனிடம் போனாள்.

“ஏம்ப்பா, அந்த பெல்ட்டுக்குக் கீழ இப்ப ஆரு வாரறது?”



“நான்தாங்க்கா.”

“மூடி போட்டுட்டாங்களா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். கிரேஸ் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு, பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ் புறப்படப் போகிறது என்று ஜெபா கூப்பிட, திரும்பி நடந்தாள்.