அட்டைக்குக் குனிந்த முதுகு

ராஜா படம் என்றால் ஒரு காலத்தில் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். நீட்டி முழக்கிப் பேசும் தமிழை எனக்குச் சொல்லிக் கொடுத்தவை அந்தப் படங்கள்தான். அந்த நன்றி இன்றும் உண்டு. ஆனால் போன வருஷத்திலிருந்து, யானையும் கோட்டையும் போட்ட போஸ்டரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

போன வருஷம் வந்த ஒரு ராஜா படத்தில் கொஞ்சத்தைக் கீழ் கோத்தகிரியில், எங்கள் எஸ்டேட்டை ஒட்டிய புல்மேட்டில் எடுத்தார்கள். குடிமக்களாக நிற்க ஆள் வேண்டுமென்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்களைக் கூப்பிட்டார்கள். லீவு போட்டுப் போனோம். போனதும் மேக்கப் பையன் ஒருவன் முகத்தில் கரி பூச வந்தான்.

"பஞ்சத்துல அடிபட்ட ஜனங்க மாதிரி தெரியணும்மா."

பக்கத்து வீட்டு அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள். "ஏந் தம்பி, அதுக்கு எங்களுக்கு மேக்கப் வேற வேணுமா?"

சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள் அக்கா. அவள் வாயிலிருந்து விழுவதையெல்லாம் நான் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். தொரை என்று நாங்கள் சொல்லும் எஸ்டேட் மேனேஜர், காலில் விழுந்தால்தான் வேலை என்று ஒருமுறை மிரட்டியும் விழாதவள். லயத்தில் அவளுக்கிருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

அரசன் நடந்து வரும்போது எல்லோரும் தரையில் விழ வேண்டும் என்றார்கள். நாங்கள் விழுந்தோம். அக்கா நின்றாள்.

"கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன். உழச் சொல்லாதீங்க."

கெஞ்சிப் பார்த்துவிட்டு அவளை ஓரமாக நிறுத்தினார்கள். பிறகு மழை தூறியது. சும்மா நின்றிருந்தபோது அக்காவின் காலில் அட்டை ஏறிவிட்டது. அவள் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடுங்கினாள். கடிவாயில் தடவ நான்தான் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

படம் வந்ததும் லயத்தையே மேட்டுப்பாளையம் தியேட்டருக்குக் கிளப்பிக்கொண்டு போனவள் அக்காதான். "எல்லாரும் உழுந்து கெடப்பீங்க, நா ஒருத்தி நிப்பேன், பாருங்க!"

திரையில் அரசன் வந்தான். நாங்கள் ஐம்பது பேர், கம்ப்யூட்டர் புண்ணியத்தில் ஐயாயிரம் பேராக விழுந்தோம். பிறகு ஒரு கிழவியின் முதுகு மெல்லக் குனிந்தது. அடுத்ததாக, தண்டை போட்ட அரசனின் பாதத்தை ஒரு கை தொட்டது. இசை பொங்கியது. தியேட்டரே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, நானும் தட்டினேன். அப்புறம்தான் அந்தக் கொண்டையில் இருந்த பிளாஸ்டிக் கிளிப் கண்ணில் பட்டது. ஷூட்டிங் அன்று காலையில் நான் செருகிவிட்ட கிளிப். முதுகு அக்காவுடையது. கை அவளுடையதல்ல; கொழுந்துக் கறையே அறியாத வழவழப்பான கை.

இடைவேளையில் பின்வரிசையிலிருந்து எங்கள் லயத்து ஆள் ஒருவன் ஆரம்பித்தான். "ஏனுங்கக்கா, தொரைக்கு வளையாத இடுப்பு ராசாவக் கண்டதும் வளைஞ்சிருச்சுங்களா?"

"அட்டை புடுங்குனேன்டா!"

"ராசா கால்லயுங்களா அட்டை?"

கொல்லென்று சிரித்தார்கள். நம் பெருமை, நம் பண்பாடு என்று ஊரே கொண்டாடிய காட்சி அது. ஒருத்தனை உசரமாகக் காட்ட இத்தனை கோட்டையும் யானையும் போதவில்லை. விழமாட்டேன் என்ற பொம்பளையின் முதுகைத் திருடி, எவளுடைய கையையோ அதில் ஒட்டவைத்திருக்கிறார்கள். இதைக் கலை என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு புள்ள. சுண்ணாம்பு குடுத்தது நீதான?"

எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டு பேர் நம்பியிருப்பார்கள். மற்றவர்கள் முறுக்கு வாங்கப் போய்விட்டார்கள்.

மீதிப் படத்துக்கு அக்கா உட்காரவில்லை. நானும் அவளோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். அங்கே அவள் கேட்டாள்: "சாட்சி சொன்ன, சரி. அதுக்கு மொதல்ல கை தட்டுனியே, எதுக்கு?"

"நீன்னு தெரியலக்கா."

"வேற எவளா இருந்தா உழலாமா?"

கோத்தகிரி பஸ் வந்தது. அக்கா முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டாள்.