நடு சீட்டும் புது இஞ்சினும்

எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு இஞ்சின் மாற்ற இன்று மகனோடு வில்லியனூர் போனேன். எழுபதுகளில் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் தவறி மூன்று மாதம் ஆகிறது.

"டீசல் இஞ்சின் போட்டுடலாங்கா. கியர் பாக்ஸும் மாறும். கியர் கம்பி தரையிலருந்து நடுவுல வரும்," என்றார் மெக்கானிக்.

இப்போது கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஓட்டுவார், நடுவில் நான், ஜன்னலோரம் மகன். அப்படித்தான் எங்கேயும் போவோம்.

"அப்போ நடுவுல உக்கார முடியாதா?"

"இனிமே ரெண்டு பேர்தானேக்கா. நீங்க ஜன்னலோரம் உக்காருங்க."

"பழைய கியர் பாக்ஸுக்கு ஒத்து வர்ற சின்ன இஞ்சினே போடுப்பா. நடு சீட்டு அப்படியே இருக்கட்டும்."

"கரும்பு லோடு இழுக்காதும்மா," என்றான் மகன்.

"பாதி லோடு ஏத்துடா. ரெண்டு நடை போவலாம். நானும் வரேன்."

கரும்பு ஏற்றுகிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்டது தப்பா?