அளவெடுக்காமல் வாங்கிய எட்டுப் புத்தகங்கள்

என் மனுசன் அல்பர்ட்டுக்கு ஒரு திமிர் உண்டு. ஆளை நிற்கவைத்து அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டார். பழைய சட்டையை நீட்டி “இதே அளவு” என்றவர்களைக் கல்லடியில் எங்கள் தையல் கடை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்ட மனுசன்தான் சொந்த மகளுக்கு அளவெடுக்காமல் புத்தகம் வாங்கினார்!

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. நாட்டில் நடந்த சண்டையால் பள்ளிக்கூடம் பாதிநாள் பூட்டிக் கிடந்தது. எங்கள் ஜொய்ஸுக்குப் பன்னிரண்டு வயது. இடி ஏன் பிந்திக் கேட்கிறது என்று எனக்கே பாடம் எடுப்பாள். ஆனால் ஒரு வரி வாசிக்கச் சொன்னால், “எழுத்தெல்லாம் ஓடுது மம்மி” என்று அழுவாள். பள்ளிக்கூட அதிபர் கனகசிங்கம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“மூணு மாசம் தாறன் அல்பர்ட். விஞ்ஞானத்தில ஒரு பக்கம் சொந்தமா எழுதினா ஏழாம் வகுப்பு. இல்லாட்டிப் படிப்ப நிப்பாட்டி, உங்கட தையல் மெசின்ல இருத்துங்க.”

தையல் கேவலமில்லை. ஆனால் அது அவள் கேட்ட வேலையும் இல்லை.

மறுநாளே இவர் செங்கலடிக்கு பஸ் ஏறி மாதிரி வினாத்தாள், விஞ்ஞானக் குறிப்பு, கட்டுரைத் தொகுப்பு என்று எட்டுப் புத்தகம் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கிழமை பார்த்தெழுத வைத்தார். பிள்ளை சோறு தின்பதை விட்டாள். ஒருநாள் கட்டுரைத் தொகுப்பைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டாள். நான் கத்தினேன், அவளிடம் அல்ல.

“ஊராருக்கெல்லாம் அளவு பாத்து வெட்டுறீங்க. இவளுக்கு மட்டும் ஆருக்கோ தைச்சத மாட்டுறீங்களே!”

மனுசன் அளவு குறிக்கும் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, வாடிக்கையாளர் பெயருக்கு நேரே ‘ஜொய்ஸ்’ என்று எழுதினார். ஒரு கிழமை அவளைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார். கேட்டது மறக்காது. கையால் செய்தால் விடமாட்டாள். ஒரு வரிக்கு மேல் கண்ணில் பட்டால் குழம்புவாள்.

மிச்ச ஏழு புத்தகமும் அலுமாரிக்கு மேலே போயின. அப்பாவும் மகளும் ஒரு பென்சிலின் அடியில் ஆணி அடித்து, கடலோடு சேருகிற எங்கள் வாவித் தண்ணீரில் நிமிர்ந்து மிதக்க விட்டார்கள். உப்பு கூடினால் பென்சில் உயர்ந்து நிற்கும். கிழமைக்கொருமுறை தண்ணீர் எடுத்து, அது எவ்வளவு உயர்கிறது என்று அளவு நாடாவால் பார்த்தாள். ஒருமுறை பாலத்துச் சென்றியில் ஆமிக்காரர் இவர் கையில் போத்தலைக் கண்டு, “குடிச்சுக் காட்டு” என்றார்கள். குடித்துவிட்டு வந்து, “மகள், போன கிழமையவிட உப்புக் கூட” என்று முகத்தைச் சுளித்தார். பென்சிலும் ஒரு நூலளவு உயர்ந்து நின்றது. அவள் துள்ளிய துள்ளல்!

எழுத்துக்கும் வழி கண்டார். அவள் சொல்லச் சொல்ல, துணி வெட்டும் மாதிரித் தாளில் துணியில் கோடு போடும் சோக்கால் எழுதி, வரிவரியாகக் கத்தரிப்பார். அவள் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து ஒழுங்காக அடுக்குவாள். பிறகு ஒரு மட்டையில் சட்டைப் பொத்தானுக்கு வெட்டும் தெறி ஓட்டைபோல நீளமாக வெட்டிக் கொடுத்தார். வாசிக்கவோ எழுதவோ அதைத் தாளில் வைத்தால் ஒரே வரிதான் தெரியும்.

சோதனை நாளில் நாங்கள் இருவரும் பின்னால் இருக்க, அதிபர் அவளிடமிருந்து அந்த மட்டையைப் பறித்தார். “இதென்ன, பாத்தெழுதவா?”

இவர் எழும்பினார். “சேர், உங்கட கண்ணாடியக் கழட்டி வைங்க. நானும் மட்டைய வாங்கி வைக்கிறன்.”

அதிபர் தன் கண்ணாடியை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். பிறகு மட்டையை அவள் முன்னே வைத்தார்.

ஒரு பக்கம் எழுத இரண்டு மணித்தியாலம் போனது. பிழையும் நிறைய. எத்தனையாம் கிழமையில் கடல் வாவிக்குள் ஏறியது என்று கணக்கோடு எழுதியிருந்தாள். அதிபர் இரண்டுதரம் வாசித்தார்.

“இது எந்தப் புத்தகத்தில இரிக்கு?”

“புத்தகத்தில இல்ல சேர், போத்தல்ல இரிக்கு.”

அவர் சிரித்தேவிட்டார். ஏழாம் வகுப்பு! நான் அந்த இடத்திலேயே அழுதேன், வெட்கமென்ன?

அடுத்த மாதம் கனகசிங்கம் சேர் எங்கள் கடைக்கே வந்தார். “இன்னும் ஆறு புள்ளைகள் இப்பிடி இரிக்காங்க அல்பர்ட். அந்த மட்டையில ஆறு வெட்டித் தாங்க.”

இவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“புள்ளைகளக் கூட்டி வாங்க சேர். அளவெடுக்காம நான் வெட்ட மாட்டன்.”