மஞ்சளாயிட்டா பசிக்குதுன்னு அர்த்தம்

ரோஸ்மில்க்கில் பால் குறைந்து தண்ணீர் கூடிவிட்டால் ஒரு நிறம் வருமே… அந்த நிறம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

அக்கா லேபில் சேர்ந்த புதிதில், மந்தாரக்குப்பம் வீட்டுக்கு வந்தபோது போனில் ஒரு போட்டோ காட்டினாள். தட்டையான பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே கொஞ்சம் ரோஸ் தண்ணீர்.

"இதுக்குள்ளதான்டி கேன்சர் செல்லு இருக்கு. கணையத்துல வருமே, அந்த கேன்சர். உசுரோட வளத்தாத்தான் எந்த மருந்துக்குச் சாவுதுன்னு பாக்க முடியும்."

நான் அப்போது ஒன்பதாவது. "அது என்னா திங்கும்?" என்று கேட்டேன்.

"இந்தத் தண்ணிதான் அதுக்குச் சோறு. ரோஸா இருந்தா வயிறு ரொம்பியிருக்கு. மஞ்சளாயிட்டா பசிக்குதுன்னு அர்த்தம். ஒடனே மாத்தணும். ஞாயித்துக்கிழமைன்னாலும் சரி, பொங்கல்னாலும் சரி."

அவள் கையில் ஸ்பிரிட் வாசனை. ஊசி போடுவதற்கு முன்னால் தடவுவார்களே, அது. நிலக்கரி மைன்ஸிலிருந்து வரும் அப்பாவின் சட்டையில் கரித்தூள் வாசனை. என் கையில் என்ன வாசனை என்று யாரும் கேட்கவில்லை. வெங்காயமாக இருந்திருக்கும்…

அடுத்த வருடம் அப்பா மஞ்சளானார்.

முதலில் கண், பிறகு நகம். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, கணையம். அக்கா பாட்டிலில் வளர்க்கிறாளே, அதே நோய்.

எதிர்வீட்டு தனம் அக்கா வாசலில் நின்றே சொன்னார். "பெரியவ அந்த நோயத்தான் படிக்கிறேன்னு போனா. அது வூடு தேடிக்கினு வந்துடுச்சு பாரு."

அப்பாவுக்கு கான்ட்ராக்ட் வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் சமையல் வேலைக்குப் போவதை நிறுத்த முடியாது. யாராவது ஒருத்தர் அப்பா பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஸ்கூலுக்குப் போகாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பை ஆணியிலேயே தொங்கியது, அவ்வளவுதான். "அப்புறமா சேத்துக்கலாம்டி" என்றார் அம்மா.

அந்தப் பாட்டில் மஞ்சளானால் பசி. அப்பா மஞ்சளானபோது பசியே இல்லை. கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் கொடுப்பேன். கொஞ்சம் குடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். "போதும்மா… நீ சாப்டியா?" என்பார்.

அக்கா வருவாள். ஒரு ராத்திரி தங்குவாள். மறுநாளே கிளம்பிவிடுவாள். "நாளைக்கு மாத்தியாகணும்டி. இல்லன்னா செத்துடும்." பஸ் ஸ்டாண்டு வரை அவள் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன்.

அக்கா மேல் எனக்குப் பொறாமை எப்போதுமே உண்டு. ஆனால் அந்த நாட்களில் அதைவிட, அந்தப் பாட்டிலுக்குள் இருந்ததன் மேல்தான் பொறாமை. எங்கள் அப்பாவைத் தின்றுகொண்டிருந்ததும் அதே நோய்தான். அங்கே அது அக்கா கையால் வேளை தவறாமல் சாப்பிட்டது…

தெருவில் அவளுக்கு ஒரு பெயர் வந்தது. "அப்பனுக்கு மருந்து கண்டுபிடிக்கிற பொண்ணு." எனக்கும் ஒன்று இருந்தது. "சின்னவ வூட்டோட இருக்குது."

அப்பா போய்விட்டார்.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு மைன்ஸ் பார்க்க வேண்டும் என்று அக்காவோடு லேப் ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குத்தான் குடும்பத்தோடு உள்ளே போகலாம். மாலை போட்டு நிற்கும் ராட்சத மிஷினை அப்பா எங்களுக்குக் காட்டியதும் அப்படி ஒரு நாளில்தான். திரும்பி வந்து எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் வடை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ரேணுகா என்று ஒருத்தர், அக்காவோடு வேலை செய்பவர், பேசிக்கொண்டே இருந்தார்.

"ஆன்ட்டி, நேத்தே லேப்ல எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சாச்சு. செல்லு வளக்கற ரூமுக்குள்ள மட்டும் இவ குங்குமத்த விடல. 'சாமியா இருந்தாலும் கை கழுவிட்டு வரட்டும்'னுட்டா!"

அம்மா சிரித்துவிட்டார். அப்பா போனபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பும் அக்கா கணக்கில்தான் சேர்ந்தது…

"லேப்ல இவ பேரு தாயம்மா, ஆன்ட்டி. ஒரு வேள தப்பாம சோறு போடுவா."

வெளியாட்கள் முன்னால் நான் வாயே திறக்கமாட்டேன். அன்றைக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை.

"எங்க அப்பா செத்த அன்னிக்கு யாரு போட்டது?"

ரேணுகா திரும்பி என் அக்காவைப் பார்த்தார்.

"யாருமே போடலமா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க போட்டிருப்போம். சொல்லாமலே கெளம்பிட்டா. அப்புறம் நாங்க தொறந்து பாத்தா எல்லா பாட்டிலும் மஞ்ச. அத்தனையும் செத்துக் கெடக்குது. பல மாச வேல. கைடு இவள லேப விட்டே அனுப்பறேன்னு நின்னாரு."

"மறந்துட்டியாடி?" என்றார் அம்மா.

அக்கா வடையைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை. "மறக்கலமா. அதுக்குச் சோறு போடப் புடிக்கல."

அம்மா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் தட்டோடு நின்றேன்.

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து அதைப் பட்டினி போட்டிருக்கிறாள். அதே கோபம் எனக்கும் இருந்தது. என் கையில் இருந்ததோ கஞ்சி ஒட்டிய பாத்திரம். தேய்க்கத்தான் முடிந்தது… அவள் இழந்ததற்கு 'பல மாச வேலை' என்று ஒரு பெயரும் இருக்கிறது.

இப்போது நான் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். பத்தாவது 'அப்புறமா'வாகவே நின்றுவிட்டது. அக்கா அதே லேபில்தான். வேறு பாட்டில்கள், அதே ரோஸ். "சோறு போட்டுட்டு வந்து பேசறேன்டி" என்று போனை வைப்பாள். "போடு, போடு" என்பேன்.

அவளிடம் இதுவரை சொல்லாத ஆசை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் என்னை அந்த ரூமுக்குள் கூட்டிப்போக வேண்டும். கை கழுவச் சொல்லி, ஒரே ஒரு பாட்டிலை என்னிடம் கொடுக்க வேண்டும். அந்த ரோஸ் மஞ்சளாகும்வரை, நான் ஒன்றும் செய்யாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்…