மூக்குத்தியைத் தொட்டால் அம்மா

என் தங்கைக்குக் காது கேட்காது என்பதை அம்பத்தூரில் எங்கள் தெரு கடைசிவரை நம்பவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்களோ இல்லையோ, அவளுக்குப் பின்னால் போய் நின்று ஒரு முறை கைதட்டிப் பார்ப்பார்கள். அடுத்த வீட்டு அக்கா இன்னும் ஒருபடி மேலே போய், எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் போட்டார். தரை அதிர்ந்தது. தங்கை திரும்பினாள்.

"கேக்கலன்றீங்க, இன்னாமா திரும்புது பாரு! காதுலாம் நல்லாதான் கீது. புள்ள அழுத்தம், அவ்ளோதான்."

தீர்ப்பைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நெளிந்த தாம்பாளம் எங்களுடையது.

அப்பாவுக்குப் பக்கத்து ஊரான பாடியில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சச சுத்தியல் அடிக்கிற இடம். அந்தச் சத்தத்தில் வாயைத் திறந்து பேசுகிறவன் புதிதாகச் சேர்ந்தவன் என்று அர்த்தம். மற்றவர்களுக்கெல்லாம் கைதான். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் நிறுத்து, கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ, வயிற்றைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். இந்தப் பாஷையை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்தார். தங்கை ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டு, தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தாள். பின்னலை இழுப்பதுபோல் காட்டினால் நான். மூக்கின் இடதுபக்கம் விரலை வைத்தால், மூக்குத்தி போட்ட அம்மா.

எங்களுக்கு ஒரு தாய்மாமா உண்டு. உலகத்தில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அவரிடம் அதற்கு யோசனை இருக்கும். அவர் தலை வாசலில் தெரிந்ததும் தங்கை வயிற்றைத் தடவுவாள். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார்.

அவளுக்கு நாலு வயதானபோது மாமா ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். டீச்சர் முதல் நாளே சட்டம் போட்டார். கையை ஆட்டவிட்டால் குழந்தையின் வாய் சோம்பேறியாகிவிடுமாம். அதனால் அவள் கையால் கூப்பிட்டால் யாரும் திரும்பக்கூடாது, குரல் வந்தால்தான் திரும்ப வேண்டும். அப்பா இருபது வருடமாகக் கையால் பேசியும் அவர் வாய் சோம்பேறியாகவில்லை என்பதற்குத் தெருவே சாட்சி. அதை யார் கேட்டார்கள்? எட்டு மணி நேரம் கையால் பேசிச் சம்பாதித்தவர், வீட்டுக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. "ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டாப் போதும் மாதாவே" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றி அழுவாள். வீட்டில் தங்கை மூக்கில் விரலை வைத்துக்கொண்டு எதிரே நிற்பாள். அம்மா தலையைக் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். நான் திரும்பினால் என் தலையில் குட்டு விழும்.

இப்படி இரண்டு வருடம் போனது. தொண்ணூறுகளின் நடுவில் மாமா ஒரு புதிய அதிசயத்தோடு வந்தார். மண்டை எலும்பைக் குடைந்து காதுக்குள்ளே ஒரு கருவி வைப்பார்களாம், வெளியே ஒரு பெட்டி தொங்குமாம், குழந்தைக்குச் சத்தம் கேட்குமாம். வெளிநாட்டுச் சபை ஒன்று செலவை ஏற்றுக்கொள்ளும் என்று எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரும் சொல்லிவிட்டார். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்பவனை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். எனவே மாமா, சாமியார், டீச்சர், தாம்பாளம் போட்ட அக்கா எல்லோரும் கூடி என் தங்கையின் மண்டையைப் பற்றி முடிவெடுத்தார்கள். மண்டைக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்து, "என்ன? என்ன?" என்று கையை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டப்படி யாரும் பதில் சொல்லவில்லை.

சுத்தியல் சத்தத்தில் அப்பாவுக்கு ஒரு காது போயே போய்விட்டது. இன்னொன்று போய்க்கொண்டிருந்தது. அவர் மண்டையைத் திறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்கு பேரும் மாமாவோடு போனோம். டாக்டர் நல்லவர். பொறுமையாக விளக்கினார். சீக்கிரம் செய்ய வேண்டும், தாமதித்தால் பலன் குறையும். சில குழந்தைகள் நன்றாகப் பேசும், சிலதுக்கு அவ்வளவாக வராது, முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தக் கருவியின்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அதனால் பேசுகிற பிள்ளைகளைப் பிறகு பார்த்திருக்கிறேன், சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மேஜைமேல் அறுத்த காதுபோல ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. அதைப் பார்த்ததும் தங்கை தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று மூக்கில் விரலை வைத்தாள். அம்மா டாக்டரையே பார்த்தாள். தங்கை விரலால் மூக்கைத் தட்டினாள், மூக்கு சிவக்கும்வரை தட்டினாள்.

"ஏண்டி, புள்ள கூப்புடுதுடி!" என்றார் அப்பா. அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

"மச்சான், மெதுவா" என்றார் மாமா.

"அது கூப்பிடறது இல்லைங்க, பழக்கம்" என்றார் டாக்டர். "கண்டுக்காதீங்க."

அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஆபரேஷன் பண்ணிட்டா, அதுக்கப்புறம் நான் திரும்பலாமா சார்?"

"அதுக்கப்புறம்தாம்மா இன்னும் கண்டிப்பா இருக்கணும்."

அம்மா எழுந்தாள். பெரிய மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து போனதை அன்றுதான் பார்த்தேன். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆபரேஷன் நடக்கவில்லை. நாங்கள் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோம் என்று மாமா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

வராந்தாவில் தங்கை மறுபடியும் மூக்கைத் தொட்டாள். அம்மா உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கையால் எப்படிப் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, கைப்பாஷையில் தன் பெயரைத் தவிர அவள் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொண்டதில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க, 'சொல்லும்மா'ன்னு எப்படிக் காட்டணும்?"