கட்டை தட்டாத நாள்

எங்களுக்கு இருந்தது ஆட்டத்தின் மேல் ஆசையா, வாத்தியார் மேல் பயமா? ஐயோ, இத்தனை வயதாகியும் அதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். எங்கள் பெண்கள் பள்ளியில் நாட்டியம் சொல்லித்தர இரண்டு பேர். எங்கள் பிரிவுக்கு வயதான வாத்தியார், சரியான சிடுமூஞ்சி. அவர் கழியால் கட்டையைத் தட்டினால் ஆட வேண்டும், ‘போதும்’ என்றால்தான் நிமிர வேண்டும். அடுத்த பிரிவு டீச்சரோ, கால் தடுக்கி விழுந்தவளைக்கூட, “விழுந்ததும் அழகுதான்டி, கண்ணு!” என்று கொஞ்சுவார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இருவரில் ஒருவரைத்தான் இனி வைத்துக்கொள்ள முடியும் என்று ஆனது. யாரிடம் படிக்கிறவர்களுக்கு ஆர்வம் அதிகம் என்று அளந்து பார்க்கத் தலைமையாசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, “இஷ்டமிருந்தா ஆடுங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க” என்று சொல்லி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பிரிவுப் பிள்ளைகள் கும்மாளம் போட்டு ஆடினார்கள். நாங்கள் ஆட்டம் தொடங்கும்முன் எப்போதும் நிற்பதுபோல் முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். தொடை நடுங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

“ஆடுனா என்னடி?” என்று பக்கத்தில் நின்றவளிடம் கிசுகிசுத்தேன்.

“கட்டை தட்டலையேடி!” என்றாள். அதுவும் சரிதானே!

கடைசியில் தலைமையாசிரியையே வந்து எங்களை விரட்டினார். இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டி, வாத்தியாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் வாத்தியார் கட்டையை எடுத்துப்போக வந்தார். நாங்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். துணியில் சுற்றும்போது கழி கட்டையில் பட்டு ‘டொக்’ என்றது. கையில் சோற்றோடு எழுந்து அரைமண்டி போட்டுவிட்டேன்! எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

வாத்தியார் சிரிக்கவில்லை. “இன்னுமா எம்மேல பயம், ஆத்தா?” என்றார். அவர் வாயில் ‘ஆத்தா’ வந்து அன்றுதான் கேட்டேன்.

“பயமில்லீங்கய்யா.”

“அப்ப ஆசையா?”

முந்தின நாள் நாங்கள் நின்றதைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. பதில்தான் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவர் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலங்குடி பஸ்ஸுக்கு நடந்தார்.

‘போதும்’ என்று சொல்லவில்லை. அவர் தலை மறைகிறவரை நானும் நிமிரவில்லை.