செருப்பு ரப்பரும் பிரெஞ்சு வயலினும்

என் வயலினின் தலைச்சுருள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும். மழுக்கியது என் கால்தான். நாற்பது வருஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கணுக்காலில் அதன் தலையை வைத்து வாசித்திருக்கிறேன். நம் பக்கத்தில் வயலின்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வாசிப்பார்கள். செய்தவர்களுக்கு இது தெரிந்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். அவர்கள் ஊரில் நின்றுகொண்டும் நாற்காலியில் உட்கார்ந்தும் வாசிக்கத்தான் அதைச் செய்தார்கள்.

வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்ஸுக்குக் கிளம்பிய ஒரு புதுச்சேரிக் குடும்பத்திடம் அப்பா அதை வாங்கினார். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் பேர்போன இத்தாலிய மேதை ஒருவரின் பெயர். பள்ளிக்கூடம் பூராவும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிறகு தந்தி முறுக்கும் பிருடையை மாற்ற வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது பிரெஞ்சுப் பட்டறை வேலையாம். ஒருவர் தலை செதுக்குவார், ஒருவர் பலகை இழைப்பார், ஒருவர் வார்னிஷ் பூசுவார், கடைசியில் பெரிய பெயர் ஒன்றை அச்சடித்து ஒட்டி அனுப்புவார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சீட்ட உடும்மா, ஓரத்தப் பாரு" என்றார் அவர்.

ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். மட்டமான வயலினில் அதை மையால் வரைந்துவிடுவார்கள். இதில் மரத்தைக் கீறி, மூன்று இழை மரத்தைச் சேர்த்துப் பதித்திருந்தார்கள். மூலையில் அவை கூடுகிற இடத்தில் தலைமுடி நுழையாது. பெயர் தெரியாத யாரோ ஒருவர், வேறொருவர் பெயரில் போகப்போகிற பொருளுக்கு, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஆள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

குரலும் அப்படித்தான். நம் பாட்டுக்காகத் தந்தியைத் தளர்த்திச் சுருதி இறக்கினால் பல வயலின்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இது அப்போதுதான் வாயைத் திறக்கும். கீழ்த் தந்தியில் ஒரு இழுப்பு இழுத்தால் கணுக்கால் எலும்பில் நாதம் ஏறுவது தெரியும்.

போன வருஷம் அந்தக் காலில் முட்டியை மாற்றினார்கள். "இனிமே தரையில உக்காரவே கூடாதும்மா" என்றார் கடலூர் டாக்டர்.

சிதம்பரத்தில் ஒரு சபாவில் மார்கழி தவறாமல் இருபது வருஷமாக வாசிக்கிறேன். இந்த முறை நாற்காலி வேண்டும் என்று சொன்னதும் செயலாளர் போனில் இழுத்தார்.

"மேடையில சேர் போட்டா நல்லா இருக்காதேக்கா. இந்த வருஷம் வேற ஆள வச்சுக்கறோம். உங்களுக்கு ஒரு சால்வ போத்தி கௌரவம் பண்ணிடறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சால்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா எனக்கு? போர்த்திக்கொண்டவர்களை அடுத்த வருஷம் யாரும் கூப்பிடுவதில்லை.

"ஏன் நல்லா இருக்காது?"

"வாத்தியம்னா சரஸ்வதிக்கா. தரையில உக்காந்து வாசிக்கறதுதான் மரியாத."

"நாப்பது வருஷமா சரஸ்வதி தலைய என் கால் மேல வச்சுத்தான் வாசிச்சேன். அப்பல்லாம் போவாத மரியாத, சேர்ல உக்காந்தா போயிடுமா?"

பிறகுதான் மனசில் இருந்ததைச் சொன்னார். "பாடற பொண்ணு கீழ இருக்க, பக்கவாத்தியம் ஒசரத்துல உக்காந்தா எப்புடிக்கா?"

"அப்ப நான் மேடைக்குக் கீழயே சேர் போட்டுக்கறேன். ஒசரம் சரியாப் போச்சுல்ல? வேற ஆளப் பாக்காதீங்க."

"வாங்க, பாத்துக்கலாம்" என்றார். வரவேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு அது போதும்.

நாற்காலியில் உட்கார்ந்தால் வயலின் தலையை எதன் மேல் வைப்பது? செம்மண்டலத்தில் எங்கள் தெரு ஆசாரியிடம் தேக்கில் ஒரு தாங்கி செய்யச் சொன்னேன். மூன்று கால், மேலே ஒரு கவட்டை. வைத்து வாசித்தால் கிர்ரென்று அதிர்ந்தது. துணி சுற்றினோம், வழுக்கியது. தோல் வைத்தோம், குரல் மங்கியது. கடைசியில் என் வீட்டுக்காரரின் பழைய ஹவாய்ச் செருப்பை எடுத்து நீட்டினேன்.

ஆசாரி கை வைக்கவில்லை. "செருப்புலயாம்மா?"

"ரப்பர்தான, அறுங்க."

அறுத்து ஒட்டினார். அதிர்வு நின்றது, குரல் அப்படியே இருந்தது. கணுக்காலில் ஏறும் நாதம் மட்டும் இல்லை. அதற்காக ஒரு நாள் அழுதேன், அதோடு சரி.

சிதம்பரத்துக்குப் போகும்போது ஆசாரியின் அளவு டேப்பையும் வாங்கிக்கொண்டு போனேன். செயலாளர் எதிரிலேயே பிடித்துக் காட்டினேன். மேடையில் தரையில் உட்கார்ந்த பாடகியின் தலையைவிட, கீழே நாற்காலியில் உட்கார்ந்த என் தலை அரை அடி தாழ்வு. அவர் தாங்கியில் இருந்த நீல ரப்பரை உற்றுப் பார்த்தார்.

"இது என்னாக்கா?"

"செருப்பு" என்றேன்.

மைக்செட்காரர் வந்தார். வயலினுக்கான வயர் மேடையோடு நின்றுவிட்டது. "கீழ எட்டாதும்மா" என்றார். வேறு வயர் கேட்டேன், இல்லை. பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் மைக் இருந்தது, எனக்கு இல்லை. முதல் இரண்டு கிருதியிலும் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

மூன்றாவதாகப் பாடகி தோடி ராகத்தை விரித்துப் பாடி முடித்தாள். அடுத்து வயலின் முறை, தம்புரா தவிர மேலே எல்லோரும் கை ஓய்ந்தார்கள். நான் கீழ்த் தந்தியில் வில்லை வைத்து, அவசரப்படாமல் முழு நீளத்துக்கும் இழுத்தேன். ஒரு சபை நிறைய ஆட்கள் நடுவே, மைக் இல்லாமல் கேட்கவேண்டும் என்றுதானே அந்தப் பட்டறைக்காரர்கள் அதை இழைத்தார்கள்! முன்வரிசையில் ஒருவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். பின்வரிசைப் பேச்சு நின்றது. மேலே இருந்த அந்தப் பெண் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே நீட்டி வாசித்தேன்.

கச்சேரி முடிந்ததும் செயலாளர் சால்வையோடு வந்தார். மனிதர் சொன்னதை விடவில்லை. நான் தலையைக் குனியவில்லை. கையை நீட்டி வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே பிரித்து, வயலினைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"பனிக்கு நல்லதுதான்" என்றேன். "அடுத்த மார்கழிக்கு என்னைக்குன்னு சொல்லுங்க."